யாருடைய பாவம்? ஓரியூரிலிருந்து கொத்தமங்கலம் வரை

கொத்தமங்கலத்துக்கு நாங்கள் போனது நூறுநாள் வேலைச் சம்பளப் பாக்கி பற்றிப் பேச. ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்து வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடுகளை மாதம் இருமுறை திறந்து கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவர்களில் பாதிப்பேர். பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு ஒரு அக்கா எங்கள் தோழியின் கையைப் பிடித்து நிறுத்தினார். (யாரென்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறோம்.)

"ராத்திரியில செல்லுல அந்தப் படம் பாக்குறாரும்மா. என்னையும் பாக்கச் சொல்றாரு. அதுல இருக்கிற மாதிரி இருக்கச் சொல்றாரு. மாட்டேன்னா அடி. ஒரு வருசமா நான் நன்மை வாங்கப் போகல. இதைப் போயி பாவசங்கீர்த்தனத்துல எப்படிச் சொல்றது?"

அவர் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டோம். வாராவாரம் வரிசையில் நின்று நன்மை வாங்குகிறாராம்.

முன்பு ஒருமுறை வேறு ஊரில் ஒரு சாமியாரிடம் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். பொறுத்துப் போ, ஜெபமாலை சொல் என்று பதில் வந்திருக்கிறது. எந்த ஊர், எந்தச் சாமியார் என்பது இங்கே தேவையில்லை. செய்தவர் நிம்மதியாக இருக்கிறார், செய்யப்பட்டவர் குற்றவுணர்வோடு கோவிலின் கடைசி வரிசையில் நிற்கிறார். இது எப்படி நேர்ந்தது என்பதுதான் எங்கள் கேள்வி. தோழர்கள் சிலர் "செல்போன் வந்ததால் வந்த வினை" என்பார்கள். இன்னும் சிலர் "மதம் என்றாலே அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். இரண்டுமே நம்மை யோசிக்க விடாத பதில்கள்.

கிறிஸ்தவத்தில் உடல் ஆசைக்கும் குற்றவுணர்வுக்கும் முடிச்சுப் போட்டவர்களில் முதன்மையானவர் அகுஸ்தீன். 354-இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். ஆயராவதற்கு முன் ஒரு பெண்ணோடு ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றார். வசதியான இடத்தில் கல்யாணம் பேசி முடித்ததும் அந்தப் பெண்ணை ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவிட்டார்கள். மகன் அப்பாவிடம் தங்கிவிட்டான். இனி வேறு ஆணை அறிவதில்லை என்று சபதம் செய்துவிட்டு அவள் போனாள். நிச்சயித்த பெண் வயதுக்கு வரும்வரை பொறுக்க முடியாமல் அகுஸ்தீன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இதையெல்லாம் அவரே கண்ணீரோடு எழுதி வைத்திருக்கிறார். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை.

பின்னாளில் அவர் வகுத்த கணக்கு இது: பிள்ளை பெறுவதற்காகக் கூடினால் பாவமில்லை, ஆசைக்காகக் கூடினால் கணவன் மனைவிக்குள்ளும் அது சிறு பாவம். அந்தக் கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் திருச்சபையின் நினைவில் ஊறிப் போனது. ஆசையை அளப்பதற்கு அதில் கோல் இருந்தது. கட்டாயத்தை அளக்க எதுவும் இல்லை. அந்தப் பெண் விரும்பித்தான் கப்பல் ஏறினாளா என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் இயேசு மலைப்பொழிவில் இச்சையோடு பார்ப்பது பற்றிப் பேசியபோது பார்க்கிறவன் கண்ணைத்தான் பிடுங்கச் சொன்னார். பார்க்கப்பட்டவளை ஒன்றும் சொல்லவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் மனைவியின் உடல் கணவனுக்குரியது என்றார், அதே மூச்சில் கணவனின் உடல் மனைவிக்குரியது என்றும் சொன்னார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பிரசங்கங்களில் முதல் பாதியைக் கேட்ட அளவுக்கு இரண்டாம் பாதியைக் கேட்டதில்லை.

தமிழுக்கு இந்தக் கணக்கு அச்சு ஏறியே வந்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதே அன்றீக்கே அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்காக இரண்டே ஆண்டுகளில், 1580-இல், கொச்சியிலிருந்து இன்னொரு நூலையும் அச்சிட்டார். அது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. ஒருவர் தன் மனசைத் தானே விசாரித்து, செய்த பாவங்களை வரிசைப்படுத்திக்கொண்டு குருவிடம் போவதற்கான வழிகாட்டி. தமிழர்கள் கையில் கிடைத்த முதல் சில அச்சு நூல்களுக்குள்ளேயே குற்றவுணர்வைக் கற்றுத்தரும் ஒரு நூலும் இருந்தது. அதை முழுக்கக் குறையாகச் சொல்லவில்லை. தன்னைத் தானே கேள்வி கேட்கும் பழக்கம் நல்லதுதான். எந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னார்கள், எதைக் கேட்கவே சொல்லவில்லை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அந்தச் சிக்கலைப் பார்க்க நாம் ஐரோப்பா போக வேண்டியதில்லை. ஓரியூர் போனால் போதும். சிவகங்கைச் சீமைக் கிறிஸ்தவர்களில் ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வராத குடும்பம் குறைவு. பிள்ளை வரம் கேட்டும் நோய் தீரவும் பெண்கள்தான் அதிகம் போகிறார்கள். அந்த மண் சிவந்தது அருளானந்தரின் ரத்தத்தால் என்பது நம்பிக்கை. லிஸ்பனில் 1647-இல் பிறந்து, 1673-இல் இந்தியா வந்த ஜான் தெ பிரிட்டோதான் நம்முடைய அருளானந்தர். பண்டாரசாமி வேடத்தில் மறவர் நாட்டில் சுற்றியவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

அவர் ஏன் வெட்டப்பட்டார் என்பது நம் தலைப்போடு நேரடியாகத் தொடர்புள்ளது. மறவர் தலைவர் தடியத்தேவர் நோய் குணமாகி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் ஐந்து பேர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள், மற்றவர்களை விலக்கு, அப்போதுதான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். தேவரும் ஒப்புக்கொண்டார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட, கிழவன் சேதுபதியின் கோபம் அருளானந்தர் தலையில் விழுந்தது.

இதைத் திருமுழுக்கு யோவானின் கதையோடு ஒப்பிட்டுத்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். அருளானந்தர் யோவான் என்றால் கடலாயி ஏரோதியாள். சிறுவயதில் நாங்களும் அவளைத் திட்டிக்கொண்டேதான் கதை கேட்டோம். சமூகவியல் படித்துவிட்டு வந்த பிறகுதான், அந்தப் பெண்கள் எங்கே போயிருப்பார்கள் என்ற கேள்வியே எங்களுக்கு வந்தது.

அந்தக் காலத்து மறவர் நாட்டில் விலக்கப்பட்ட ராஜகுடும்பத்துப் பெண்ணுக்கு என்ன வழி? ஒரு தகவல் போதும். 1710-இல் அதே கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக ஜேசுசபைக் கடிதம் பதிவு செய்திருக்கிறது. கணவனோடு சேர்ந்து எரிவதுதான் கௌரவம் என்றிருந்த இடத்தில், கணவன் உயிரோடு இருக்கும்போதே "நீ இனி மனைவி இல்லை" என்று சொல்லப்பட்டவள் கடலாயி. அவள் செய்தது பழிவாங்கல் மட்டும்தானா?

அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. சாதி நிற்பது அகமணத்தில். அகமணம் நிற்க வேண்டுமானால் கணவனை இழந்து உபரியாக நிற்கும் பெண்ணை என்ன செய்வது என்ற சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். அதற்குத்தான் உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் என்றார் அவர். ஓரியூரில் நடந்ததும் உபரிப் பெண்கள் பிரச்சினைதான். ஒரு ஆணின் ஆன்மா கரையேற நான்கு பெண்கள் உபரியாக்கப்பட்டார்கள்.

நாங்கள் அருளானந்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற பிடிவாதம் பிற்காலத்துப் பெண்களுக்கு ஓரளவு பாதுகாப்பு தந்தது. உயிரையே கொடுத்து ஒருவர் அதில் நின்றார் என்பதும் சாதாரணமில்லை. ஆனால் இதே உறுதி வேறு ஒரு கேள்வியில் ஏன் வரவில்லை? "மனைவியர் எத்தனை பேர்" என்று உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட மதுரை மிஷன், "நீ என்ன சாதியில் பெண் எடுப்பாய்" என்று கேட்டதே இல்லை. மேல்சாதியாருக்குப் பிராமண சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களையே இரண்டாகப் பிரித்து வைத்த மிஷன் அது. 1872-இல் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டை மாதிரி கோவில் கட்டும் அளவுக்கு அது வளர்ந்தது. படுக்கை அறையில் வந்த ஆசை பாவமானது. அகமணம் பாவப் பட்டியலில் சேரவே இல்லை. இன்றைக்கும் கல்யாண ஓலை வாசிப்பதை வைத்தே இது எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம்.

தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இதனால் நேர்ந்ததை பாமா 1994-இல் 'சங்கதி'யில் எழுதிவிட்டார். பம்புசெட்டில் நிலக்காரன் கையைப் பிடித்து இழுத்ததிலிருந்து தப்பி ஓடிவந்த மாரியம்மாதான் ஊர்க்கூட்டத்தில் அபராதம் கட்டுகிறாள். அவன் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழி போட்டுவிடுகிறான். நிலக்காரனின் ஆசைக்கு விசாரணை கிடையாது, அவளுடைய 'ஒழுக்கம்' விசாரணைக்கு வருகிறது. கொத்தமங்கலத்து அக்கா தன்னைத்தானே விசாரித்துத் தானே தண்டனையும் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆங்கிலேயர் சட்டம் இதை அப்படியே எழுத்தில் வைத்தது. 1869 விவாகரத்துச் சட்டப்படி கிறிஸ்தவக் கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவிக்கு விபசாரம் மட்டும் போதாது, அதோடு கொடுமையோ கைவிடலோ வேறொன்றோ சேர வேண்டும். இது திருத்தப்பட்டது 2001-இல். 132 ஆண்டுகள்.

திருச்சபையே மாறாமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. 1968-இல் ஆறாம் பவுல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலை எல்லோரும் கருத்தடையை மறுத்த மடலாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் 13-ஆம் பத்தி, துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பாராமல் திணிக்கப்படும் தாம்பத்தியம் உண்மையான அன்புச் செயலே அல்ல என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் அதையே எடுத்துச் சொன்னார். இடையில் 1980 அக்டோபர் 8 அன்று இரண்டாம் ஜான் பால், மனைவியை வெறும் இச்சை தீர்க்கும் பொருளாகப் பார்க்கும் கணவன் தன் உள்ளத்தில் அவளோடே விபசாரம் செய்கிறான் என்று பேசினார். சொந்த மனைவியைப் பார்ப்பதும் பாவமா என்று உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலியில் கலந்துகொள்ளும் வசதி கொத்தமங்கலத்து அக்காவுக்கு இல்லை. அவர் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்த விஷயம் அதுதான்.

திருமண ஆயத்த வகுப்பில் அந்த 13-ஆம் பத்தியை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று அன்று திண்ணையில் கேட்டோம். கருத்தடை கூடாது என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார்கள்.

2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. மனைவி ஆபாசப் படம் பார்க்கிறாள் என்று சொல்லி விவாகரத்துக் கேட்ட ஒரு கணவரின் மேல்முறையீடு. கிறிஸ்தவத் தம்பதி அல்ல. தனிமையில் பார்ப்பது மட்டுமே கணவனுக்குச் செய்யும் கொடுமை ஆகாது, மனைவி ஆகிவிட்டதால் ஒரு பெண் தனி மனுஷியாக இல்லாமல் போய்விடமாட்டாள் என்றது நீதிமன்றம். ஆண்களின் சுய இன்பத்தை இயல்பென்று ஏற்கும் சமூகம் பெண்களுடையதை மட்டும் ஏன் களங்கமாகப் பார்க்கிறது என்றும் கேட்டது. தீர்ப்பில் இன்னொரு வரி உண்டு: பார்ப்பவர் தன் துணையையும் சேர்ந்து பார்க்கக் கட்டாயப்படுத்தினால் அது கண்டிப்பாகக் கொடுமை.

ஆக, பார்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் கட்டாயப்படுத்துவது என்ற கேள்வியும் வேறு வேறு. முதலாவதை அவரவர் மனசாட்சியும் மதமும் பார்த்துக்கொள்ளட்டும். படங்களில் பெண் உடல் நடத்தப்படும் விதம் பற்றி எங்களுக்கும் கடுமையான கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். இரண்டாவது வன்முறை. கணவன் மனைவிக்குள் நடக்கும் வல்லுறவுக்கு விலக்கு தரும் பிரிவு புதிய நியாய சங்கிதாவின் 63-இலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகவே எண்ணுகிறது. அதன் 2006 விதிகளில் படிவம் 1 என்று ஒன்று இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் நிரப்ப வேண்டியது. பாலியல் வன்முறை என்ற தலைப்பின் கீழ் கட்டாயப் புணர்ச்சிக்கு அடுத்து, ஆபாசப் படம் பார்க்கும்படி கட்டாயப்படுத்துவது என்று தனியாகவே போட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை போனபோது அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனோம். தோழி வாசித்துக் காட்டினார். அந்த இடம் வந்ததும் அக்கா "இது அச்சுலயே இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப இது என் பாவம் இல்ல?"

இல்லை என்றோம்.

பெரிய வீடு ஒன்றில் கல்யாணத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஒரு வாரம் வேலை இருக்கிறது, அது முடியட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். 181 எண்ணைத் தன் மகள் போனில் வேறு பெயர் போட்டுப் பதிந்துகொண்டார். படிவம் இன்னும் எங்கள் பையில்தான் இருக்கிறது.