கிராங்க் ஷாஃப்ட் சென்சாரும் "ரீலேர்ன்" வந்த கதையும்

பெட்ரோல் என்ஜினுக்கு நேரம்தான் உயிர்நாடி. பிஸ்டன் மேலே வரும் சரியான தருணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி தர வேண்டும். மிகவும் முந்தினால் என்ஜின் தட்டும். பிந்தினால் இழுவை குறையும்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் முறை 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரும் பாயிண்ட்டும் கொண்ட இந்த முறை அறுபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. பாயிண்ட் தேயத் தேய நேரம் பிசகும். மெக்கானிக் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்வார்.

1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975 மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவலானது. இனி நேரம் பிசகினால் சட்டச் சிக்கல். 1979-ல் பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் வந்த பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பெட்ரோலையும் பொறியையும் ஒரே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. அதற்குக் கண்ணாக அமைந்ததுதான் கிராங்க் சென்சார். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சாரின் முன்னால் பல் சக்கரம் சுழலும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மின் துடிப்பு. ஃபாரடே 1831-ல் கண்டறிந்த தத்துவமே இது!

1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கு ஓ.பி.டி-2 கட்டாயமானது. பொறி தவறினால் (மிஸ்ஃபயர்) எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிப் பாழாக்கும். அதைக் கார் தானே கண்டுபிடிக்க வேண்டும். எப்படி? ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் கிராங்க் கண நேரம் வேகம் குறையும். 6000 சுற்று வேகத்தில் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியில் 36,000-ல் ஒரு பங்குதான்!

இங்கேதான் சிக்கல். எந்தப் பல் சக்கரமும் நூறு சதவீதம் துல்லியமாக வெட்டப்படுவதில்லை. சக்கரத்தின் குறையை மிஸ்ஃபயர் என்று கம்ப்யூட்டர் நினைத்துவிட்டால், நல்ல பிளக்குகள் வீணாக மாற்றப்படும். இதற்குத் தீர்வுதான் ரீலேர்ன். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் பலவற்றில், என்ஜின் சூடான பிறகு ஸ்கேனரில் கட்டளை தந்து, வேகம் தானாக வெட்டுப்படும் வரை ஆக்சிலரேட்டரை மிதித்து உடனே விட வேண்டும். வேகம் இறங்கும்போது எரிதல் இல்லை. அப்போது தெரியும் ஏற்ற இறக்கம் சக்கரத்தின் குறையே. அதைக் கம்ப்யூட்டர் மனப்பாடம் செய்துகொள்ளும். செய்யாவிட்டால் பி0315 கோடு வரும். சில கார்கள் ஓடும்போது தாமாகவே கற்றுக்கொள்ளும். கோடை அழிப்பது மட்டும் ரீலேர்ன் ஆகாது.

ஓ.பி.டி-2 கோடுகளைப் படிப்பதைப் பொதுவாக்கியது. ரீலேர்ன் கட்டளையோ அந்தந்தக் கம்பெனியின் கையிலேயே இருந்தது. இப்படிப்பட்ட பூட்டுகளுக்கு எதிராகத்தான் 2012-ல் மாசசூசெட்ஸ் மக்கள் "பழுதுபார்க்கும் உரிமை" சட்டத்துக்கு வாக்களித்தார்கள். ஃபீலர் கேஜை யாரும் கடையில் வாங்கலாம். கம்ப்யூட்டரின் கட்டளை யாருக்குச் சொந்தம் என்பதே இன்றும் தீராத வழக்கு.