மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு
குழந்தை பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தாய்க்கு ஏற்படும் மனநோய். பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமின்றி அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது, எதிலும் பிடிப்பிருக்காது, 'நான் நல்ல தாயில்லை' என்ற குற்றவுணர்வு அரிக்கும். நம் வீடுகளில் இது 'பச்சை உடம்புக்காரி, அசதி' என்ற பேச்சில் மறைந்துபோகிறது. பெண்குழந்தை பிறந்ததற்கான முகச்சுளிப்பும், கணவனின் குடியும் அடியும் நோயை வளர்க்கின்றன என்பதை இந்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, இந்தியத் தாய்மாரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது.

இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய உதவும், 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் பத்தே கேள்விகள் கொண்டது. தமிழ் வடிவமும் உண்டு. பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எதுவானாலும் உடனே கவனிக்க வேண்டும்.

ஆற்றுப்படுத்தலும் மாத்திரையும் பலன் தரும். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், பாலூட்டும் தாய்க்கு மருத்துவர்கள் பெரும்பாலும் அதையே தேர்கிறார்கள். இரவில் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்கவிடுவதும் சிகிச்சையில் சேர்த்திதான். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணில் (14416) எந்நேரமும் தமிழில் பேசலாம். பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பது, குழந்தையைப் பற்றிய விபரீத நம்பிக்கைகள் ஆகியவை பிரசவித்த ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்கு வரும் மனப்பிறழ்வு என்ற வேறொரு நோயின் அறிகுறிகள். அது அவசர நிலை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.