விழிப்புநிலைத் தியானம்

விழிப்புநிலைத் தியானம் என்பது மூச்சு, உடல் உணர்ச்சிகள், எண்ணங்கள் ஆகியவற்றை அவை எழும் கணத்திலேயே, நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனித்து வரும் பயிற்சி ஆகும். பணியால் ஏற்படும் மன அழுத்தத்தைத் தணிக்கும் வழியாக இது பல நாடுகளில் கற்பிக்கப்படுகின்றது. உடலையும் மனத்தையும் தளர்த்துவதே இதன் நோக்கம் எனப் பலர் கருதுவதுண்டு. ஆயினும் நேரடி இலக்கு கவனமே. தளர்வு அதன் பின்விளைவாக வரலாம், வராமலும் போகலாம்.

தோற்றம்

இதன் வேர்கள் பௌத்தத்தில் உள்ளன. பாளி மொழியில் இது சதி எனப்படும். இது ஸ்மிருதி என்ற வடசொல்லின் பாளி வடிவம். தமிழில் சூழ்ச்சியைக் குறிக்கும் சொல்லுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சதிபட்டான சுத்தம் இப்பயிற்சியை விரித்துரைக்கின்றது.

20ஆம் நூற்றாண்டில் பர்மாவில் இப்பயிற்சி துறவிகளிடமிருந்து இல்லறத்தாரிடையே பரவியது. விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றிய ஊ பா கின் (1899–1971) தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்பித்தார். எனவே அலுவலகத் தியானம் அமெரிக்க நிறுவனங்களின் கண்டுபிடிப்பு அன்று. இவருடைய மாணவர் ச. நா. கோயங்கா 1969இல் இம்முறையை விபாசனா என்ற பெயரில் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கினார்.

மருத்துவத்தில்

மூலக்கூற்று உயிரியல் பயின்ற ஜான் கபட்-சின், 1979இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மன அழுத்தக் குறைப்புப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயக் கூறுகள் நீக்கப்பட்ட இப்பயிற்சி 8 வாரங்கள் நடைபெறும். வாரம் ஒருமுறை ஏறத்தாழ இரண்டரை மணிநேர வகுப்பும், வீட்டில் நாள்தோறும் சுமார் 45 நிமிடப் பயிற்சியும் உண்டு. ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மிக மெதுவாக மென்று உண்பது தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

செய்முறை

நாற்காலியிலோ தரையிலோ நிமிர்ந்து அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். பிராணாயாமத்தைப் போல் மூச்சை அடக்கவோ நீட்டவோ வேண்டியதில்லை. சிறிது நேரத்தில் மனம் முடிக்காத வேலைக்கோ மேலாளர் கூறிய சொல்லுக்கோ தாவிவிடும். அதனை உணர்ந்து, தன்னையே கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். நூறு முறை தாவினால் நூறு முறை திரும்புவதே பயிற்சி. மனம் அலைவது தோல்வி அன்று. புதியவர்கள் பலர் இதை அறியாமலேயே தமக்குத் தியானம் வராது என்று விட்டுவிடுகின்றனர்.

வேலை முடிந்த பின்னரும் மனம் அதை அசைபோட்டுக்கொண்டிருந்தால் உடலின் அழுத்த எதிர்வினையும் நீடிக்கும். அந்த அசைபோடலை இடையில் கண்டுகொள்ளும் பழக்கமே இத்தியானத்தின் பயனுக்குக் கூறப்படும் முக்கிய விளக்கம்.

சான்றுகளும் விமர்சனமும்

2014இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான மீளாய்வு, தியானம் குறித்த 47 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பயன் தெரிந்தது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட இது மேலானது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. சிலருக்குப் பயிற்சியின்போது பதற்றம் கூடுவதும் உண்டு. கடும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்கள் தகுந்த வழிகாட்டலுடன் தொடங்குவது நல்லது.

கூகுள் நிறுவனத்தில் 2007இல் பொறியாளர் சேட்-மெங் டான் தொடங்கிய வகுப்பு, இதனை மென்பொருள் துறையில் பிரபலமாக்கியது. நீண்ட வேலைநேரத்தையும் ஆள் பற்றாக்குறையையும் சரிசெய்யாமல் ஊழியரின் மனத்தை மட்டும் திருத்த முனைவதாக, ரொனால்ட் பர்சர் 2019இல் வெளியிட்ட நூலில் இப்போக்கைச் சாடினார். இது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. உலக சுகாதார அமைப்பும் அதே ஆண்டில், பணிச்சோர்வை நோயாக அன்றிப் பணி சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது.