விரல்நுனி விளக்கும் தோலின் நிறமும்

மனிதன் நிறம் பார்ப்பான். கருவி பாராது என்பது பலருடைய நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய, விரல்நுனியில் மாட்டும் ஒரு சிறு கருவியின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். 2021ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது அக்கருவி நம் நாட்டு இல்லங்கள் பலவற்றிலும் நுழைந்தது. பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது அதன் பெயர். அதில் தோன்றிய எண் 94க்குக் கீழே இறங்கினால் அஞ்சினோம். மேலே நின்றால் ஆறுதல் கொண்டோம். அந்த எண் யாருடைய உடலைக் கொண்டு வகுக்கப்பட்டது என்று நம்மில் பெரும்பாலோர் அன்று வினவவில்லை.

குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்து செல்கிறது. பிராணவாயு நிறைந்த குருதி செக்கச்சிவந்து தோன்றும்; குறைந்த குருதி கருஞ்சிவப்பாக இருக்கும். இந்நிற வேறுபாட்டை ஒளியால் அளந்துவிட்டால், ஊசி குத்தாமலேயே பிராணவாயுவின் அளவை அறியலாமன்றோ? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மிக உயரத்தில் பறக்கும் விமானிகள் பிராணவாயு இன்றி மயங்குவதைத் தடுக்கும் பொருட்டு, கிளென் மில்லிகன் என்னும் அறிஞர் காதுமடலில் ஒளி பாய்ச்சி அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார். ஆக்சிமீட்டர் என்று பெயரிட்டவரும் அவரே. ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பாய்ச்சிய ஒளி குருதியை மட்டும் கடந்து வரவில்லை. தோலையும் தசையையும் கடந்தே வந்தது. குருதி விழுங்கிய ஒளி எவ்வளவு, தோல் விழுங்கியது எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதாக இல்லை.

இதற்கு வழி கண்டவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் டகுவோ அவோயாகி. நிஹான் கோடென் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1972ஆம் ஆண்டில் காதில் ஒளி பாய்ச்சி, இதயம் வெளியேற்றும் குருதியின் அளவை அறிய முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அவருடைய அளவீட்டில் ஓயாது குறுக்கிட்டது. அவ்விடையூறை நீக்க முயலும்போதே ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. துடிப்பது தமனிக் குருதி ஒன்றே; தோலும் தசையும் துடிப்பதில்லை. எனவே துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தமனிக் குருதியின் பிராணவாயு அளவு கிட்டிவிடும். இக்கருத்தை அவர் 1974இல் அறிஞர் அவையில் வெளியிட்டார். தொல்லையென ஒதுக்கத்தக்கதாகத் தோன்றிய ஒன்றிலேயே உண்மை ஒளிந்திருந்ததைக் கண்டது அவருடைய பெருமையாகும்.

அதே பத்தாண்டில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. எட்டு வெவ்வேறு அலைநீள ஒளிகளைக் காதில் செலுத்தி, தோலின் நிறத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கருவியை அது உருவாக்கியது. ஆனால் அக்கருவி பெரியது, விலையும் மிகுதி. 1980களில் இரண்டே ஒளிகளைக் கொண்ட விரல் கருவி சந்தைக்கு வந்ததும் பழைய கருவி மறைந்தது. புதியதன் ஒளிகள் 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பும், 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பும் ஆகும்.

இங்கே ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். கருவி நேரடியாக அறிவது இரு ஒளிகளின் விகிதத்தை மட்டுமே. அவ்விகிதத்தை எண்ணாக மாற்ற ஓர் அட்டவணை தேவை. நலமுள்ள தொண்டர்களைப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களுடைய தமனிக் குருதியை எடுத்துச் சோதித்து, அவ்வட்டவணையை வகுத்தனர். அத்தொண்டர்களுள் வெளிர்நிறத் தோலினரே மிகுதி. தோல் துடிப்பதில்லையாதலால் அதன் நிறம் கணக்கில் தானே நீங்கிவிடும் என்று கோட்பாடு கூறிற்று. நடைமுறையில் அது முற்றிலும் நீங்கவில்லை. தோலுக்குக் கருமை தரும் மெலனின், அகச்சிவப்பைவிடச் சிவப்பொளியை அதிகமாக விழுங்குகிறது. அதனால் கருந்தோலினரிடம் கருவி உள்ளதைவிட உயர்ந்த எண்ணைக் காட்ட நேர்கிறது.

இது திடீரெனத் தெரியவந்த செய்தியன்று. 1990இல் ஜூப்ரன், டோபின் என்னும் இருவர், வெள்ளை நோயாளிகளுக்கு 92 என்னும் எண் போதுமானால், கறுப்பின நோயாளிகளுக்கு 95 வேண்டும் என்று எழுதினர். 2005இல் கலிபோர்னிய ஆய்வாளர்களும், குருதியில் பிராணவாயு குறையக் குறையக் கருந்தோலில் பிழை மிகுவதைக் காட்டினர். அவோயாகிக்கு நாடித் துடிப்பு வழிகாட்டியது போல இப்பிழையும் வழிகாட்டியிருக்கலாம். ஆனால் அது சிறு விலக்காகக் கருதப்பட்டு ஏடுகளில் உறங்கிற்று.

அவ்வுறக்கத்தைக் கலைத்தது கொரோனா. 2020 ஆகஸ்டில் ஏமி மோரன்-தாமஸ் என்னும் மானிடவியல் அறிஞர் பழைய ஆய்வுகளைத் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தம் கணக்கை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில், தமனிக் குருதியில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இப்பிழையால் கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சைத் தேவை காலங்கடந்தே உணரப்பட்டதைக் காட்டிற்று. மூச்சுத் திணறுபவனை நோக்கி, நீ நலமாயிருக்கிறாய் என்று எண் சொல்லுமாயின், அவன் சொல் எடுபடுவது அரிது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பத்துப் பேரைச் சோதித்தால் அவருள் இருவர் கருந்தோலினராயிருத்தல் போதும். 2025 ஜனவரியில் அது வெளியிட்ட வரைவு, 150 பேரையேனும் சோதிக்க வேண்டும் என்றும், அவர்கள் எல்லாத் தோல் நிறங்களையும் சார்ந்தவராதல் வேண்டும் என்றும், நிறத்தை இனப்பெயரால் கொள்ளாமல் அளந்தே குறிக்க வேண்டும் என்றும் கூறியது. இங்கிலாந்திலும் மருத்துவக் கருவிகளில் சமன்மை குறித்த தனி ஆய்வறிக்கை 2024இல் வெளிவந்தது.

இவற்றைப் படித்துவிட்டுக் கருவியை வீசியெறிதல் அறிவுடைமை ஆகாது. எண்ணற்ற உயிர்களை அது காத்துள்ளது. ஒரே ஓர் எண்ணை நம்பாது, அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று நோக்குக. மூச்சு முட்டினால் எண் நன்றாயிருந்தாலும் மருத்துவரை நாடுக. ஐயமிருப்பின் தமனிக் குருதிச் சோதனையே முடிவு கூறும்.

இம்மலரைப் படிக்கும் நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். எட்டு ஒளிகளால் தோலின் நிறத்தையும் அளக்க முடியும் என்பது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. திறமை இருந்தும், அதனை யாருக்காகப் பயன்படுத்துவது என்ற அக்கறை குறைந்தது. அளக்கப்படுவோருள் நாமும் ஒருவராயிருந்தால் போதாது. அளவுகோலை வகுக்கும் கூடத்திலும் நமக்கு இடம் வேண்டும். பொறியியலும் மருத்துவமும் புள்ளியியலும் பயிலுங்கள். எந்தக் கருவி கைக்கு வந்தாலும், இது யாரைக் கொண்டு சோதிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.