வினைல் தரை மங்கிவிட்டதா? அந்தமானில் புதிதாகப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேராக இருந்த ஊரில், கிளினிக்கோ ஜிம்மோ நடத்துகிறீர்களா? வாசல் பக்கம் வினைல் தரை மங்கிக் கோடு கோடாகத் தெரிந்தால், 'பேசாம புதுசா போட்டுடலாம்' என்று தோன்றும். சரக்கு மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும்; சென்னையிலிருந்து கப்பல் பயணமே சுமார் 3 நாள்.

தேய்ந்தது எது?

பெரும்பாலும் வினைல் அல்ல, அதன் மேலிருக்கும் பாலிஷ் படலம்தான். செருப்பில் வரும் கடற்கரை மணல் உப்புத்தாள் மாதிரி அதை அறுத்துவிடுகிறது. டிசைனே அழிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. பளபளப்பு மட்டும் போயிருந்தால், நன்றாகத் தேய்த்துக் கழுவி 1 அல்லது 2 கோட் போட்டாலே போதும். மஞ்சளாகி அழுக்கு உள்ளே சிக்கியிருந்தால்தான் ஸ்ட்ரிப்பர் ஊற்றிப் பழைய படலத்தை முழுசாக எடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலையிலேயே பாலியூரிதேன் பூச்சோடு வரும் வினைலில் சாதாரண பாலிஷ் சரியாக ஒட்டாமல் போகலாம். முதலில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

எங்கே சொதப்புகிறது?

அலசுவதில். ஸ்ட்ரிப்பர் கடும் காரம். கொஞ்சம் தங்கினாலும் புதுப் படலம் பொடியாக உதிரும். நல்ல தண்ணீரில் குறைந்தது 2 முறை அலசுங்கள். காய்ந்த தரையை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரக்கூடாது. ஸ்ட்ரிப்பர் ஊற்றிய தரை பயங்கரமாக வழுக்கும், ஆட்களை உள்ளே விடாதீங்க.

அடுத்த வில்லன் ஈரக்காற்று. இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. சாதாரணமாக 30 முதல் 45 நிமிடத்தில் காயும் ஒரு கோட், மழை நாளில் இரண்டு மடங்கு நேரம்கூட எடுக்கும். அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். வேலையை அப்போது வையுங்கள். முடியாதென்றால் கதவைச் சாத்தி ஏசி ஓடவிட்டு, மெல்லிய கோட்டாக 3 முதல் 5 வரை போடுங்கள். தடிமனாக ஒரே கோட் போடுவது வேலைக்காகாது. ஃபேன் காற்றை ஈரத் தரைமேல் நேராகத் திருப்பவும் கூடாது.

கழிவு நீர்?

பல பாலிஷ்களில் துத்தநாகம் உண்டு. உரித்த நீரில் அதுவும் கலந்திருக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. மழைநீர் வடிகாலில் கொட்டினால் அது போய்ச் சேருமிடம் பவளப்பாறை இருக்கும் கடல். வெட் வேக்குவத்தால் உறிஞ்சிச் சேமித்து, சுத்திகரிப்புள்ள கழிவுநீர் இணைப்பில் மட்டுமே விடுங்கள். துத்தநாகம் இல்லாத பாலிஷும் கிடைக்கிறது, வாங்கும்போது லேபிளில் பாருங்கள்.