பணியிடையே பட்டம்: பிரிட்டனில் ஆதரவுச் சிகிச்சைக் கல்வி வளர்ந்த வழி

முன்னுரை

தீரா நோயாளிகளையும் தள்ளாத முதியோரையும் பராமரிக்கும் பிரிட்டன் செவிலியர்களில் பலர், வேலையில் இருந்துகொண்டே பட்டம் பெற்றவர்கள். முழுநேரப் படிப்புக்கு வாய்ப்பில்லாதவர்கள் நாடும் மாற்றுவழி என்றே பகுதிநேரப் படிப்பைக் கருதும் வழக்கம் உண்டு. தீரா நோயின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சையைப் பொறுத்தவரை அது பொருந்தாது. இத்துறையின் அறிவு வார்டில் பிறந்து, பிறகே பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. அந்த நுழைவைச் சான்றிதழ்க் காலம், கிரெடிட் காலம், நிதிச் சுருக்கக் காலம் என மூன்றாகப் பகுத்துப் பார்க்கலாம். என்ன கற்பிப்பது என்பதைவிட, கற்பவரின் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதே இம்மூன்று காலங்களின் போக்கையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வார்டில் பிறந்த அறிவு

இத்துறையின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் செவிலியராகப் பயின்று, முதுகுவலியால் அப்பணியை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளரானவர். 1940களின் இறுதியில், வேலை முடிந்த மாலை வேளைகளில் லண்டன் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் தொண்டு செய்தார். வலி வந்தபின் மருந்து தேடாமல், வலி திரும்புமுன்பே குறித்த நேரத்தில் மார்பினை வாய்வழி கொடுக்கும் முறையை அங்கேதான் கண்டார். 33 வயதில் மருத்துவப் படிப்பில் சேர்ந்து 1957இல் மருத்துவரானார். 1967இல் அவர் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம், சிகிச்சையோடு கற்பித்தலையும் ஆய்வையும் ஒரே கூரையின்கீழ் நடத்தியது.

பல்கலைக்கழகங்களின் பாதை வேறாக இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழகம் 1956இல் செவிலியர் கல்விக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, 1960இல் பட்டப்படிப்பையும் ஏற்படுத்தியது. ஆனால் பெரும்பான்மைச் செவிலியர்கள் மருத்துவமனைப் பள்ளிகளில் பயின்று பதிவு பெற்றவர்கள். பல்லாண்டு அனுபவமுள்ள வார்டு சிஸ்டரிடம் துறையின் நுட்பம் முழுதும் இருந்தது. பட்டம் மட்டும் இல்லை.

சான்றிதழ்க் காலம்

இந்த இடைவெளியை நிரப்பப் பதிவுக்குப் பிந்தைய பயிற்சிகளை ஒழுங்குபடுத்தும் கூட்டு வாரியம் ஒன்று 1970இல் அமைந்தது. 1983இல் அப்பொறுப்பை இங்கிலாந்து தேசியச் செவிலியர் வாரியம் ஏற்றது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் எண் உண்டு: இறக்கும் தறுவாயில் உள்ளோரின் பராமரிப்புக்கு 931, முதியோர் பராமரிப்புக்கு 941, பணியிடத்தில் கற்பிப்பதற்கு 998. 'நான் 931 முடித்தவள்' என்றால் செவிலியர் வட்டாரத்தில் அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்பயிற்சிகள் பணியின் தொடர்ச்சியாகவே கருதப்பட்டன. ஆனால் எத்தனை சான்றிதழ் சேர்ந்தாலும் அவை பட்டமாகத் திரளவில்லை.

கிரெடிட் காலம்

1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை செய்பவர் வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம் என்பதை நிரூபித்தது. 1980களின் நடுவில், கல்விப் பட்டங்களுக்கான தேசியக் கவுன்சில் கிரெடிட்டுகளைச் சேமித்து ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1987இல் ஆதரவு மருத்துவம் தனிச் சிறப்புத்துறையாக அங்கீகாரம் பெற்றது. 1989இல் கார்டிஃபில், ஆதரவு மருத்துவர் இலோரா ஃபின்லேயின் முயற்சியால், மருத்துவர்களுக்கான தொலைநிலைப் பட்டயப் படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு நடைமுறைக்கு வரத் தொடங்கிய 'பிராஜெக்ட் 2000', செவிலியர் அடிப்படைப் பயிற்சியையே உயர்கல்விப் பட்டயமாக உயர்த்தியது.

இவற்றின் கூட்டுவிளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். இளநிலைப் பட்டத்துக்கு 360 கிரெடிட். பட்டயம் பெற்ற செவிலியரிடம் 240 உண்டு, எஞ்சியது 120. ஒரு கிரெடிட் என்பது 10 மணிநேர உழைப்பு. ஆக 1,200 மணிநேரம். இரண்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 48 வாரம் எனப் பிரித்தால் வாரத்துக்கு 12.5 மணிநேரம் வரும். தேசியச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் செவிலியருக்கு இங்கிலாந்தில் முழுநேரப் பணி வாரத்துக்கு 37.5 மணிநேரம். அதாவது முழு வேலைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு வேலை. வார்டு அனுபவத்தைப் பட்டத்தின் பகுதியாக எண்ணிக்கொள்ள கிரெடிட் முறை வழிசெய்தது. ஆனால் அந்த 12.5 மணிநேரம் டூட்டியிலிருந்து வருமா, உறக்கத்திலிருந்து வருமா என்பதை அது சொல்லவில்லை. 1995இல் பதிவைப் புதுப்பிக்க மூன்றாண்டுக்கு ஐந்து நாள் கற்றல் கட்டாயமானபோதும், பட்டப்படிப்பின் தேவைக்கு முன் அது சொற்பமே.

பம்ப் கற்பிக்கும் பாடம்

பணியில் இருந்துகொண்டே படிப்பதன் தனிப்பயனைத் தோலுக்கடியில் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் டிரைவரில் காணலாம். வீட்டிலிருக்கும் நோயாளிக்கு மாவட்டச் செவிலியர் ஒரு நாளுக்கான மருந்தை நிரப்பிப் பொருத்திவிட்டுச் செல்வார். பிரிட்டனில் நெடுங்காலம் புழங்கிய கிரேஸ்பி கருவிகளில், நீல நிற எம்.எஸ். 16 மாதிரியின் வேகம் மணிக்கு இத்தனை மில்லிமீட்டர். பச்சை நிற எம்.எஸ். 26 மாதிரிக்கு 24 மணிநேரத்துக்கு இத்தனை மில்லிமீட்டர். இரண்டும் அளந்தது மருந்தின் மில்லிலிட்டரை அல்ல, சிரிஞ்சின் நீளத்தை. எம்.எஸ். 16ஐ எம்.எஸ். 26 என எண்ணி அமைத்தால் ஒரு நாள் மருந்து ஒரு மணிநேரத்தில் இறங்கிவிடும். உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2010இல் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை, மில்லிலிட்டர் கணக்கில் இயங்கும் பம்புகளுக்கு ஐந்தாண்டுக்குள் மாறும்படி அறிவுறுத்தியது.

முழுநேர மாணவருக்கு இது பாடநூலில் வரும் எச்சரிக்கை. பகுதிநேர மாணவருக்கோ சென்ற வாரம் தன் கையால் பொருத்திய கருவி. தவறு கைக்குரியதா, வடிவமைப்புக்குரியதா, இருவர் சரிபார்க்கும் நடைமுறை ஏன் தனியே வீடுதேடிச் செல்பவருக்கு வாய்ப்பதில்லை என்ற கேள்விகளை அவரால் தம் பணியிலிருந்தே எழுப்ப முடியும். விடையை மறுநாளே சோதிக்கவும் முடியும்.

நிதிச் சுருக்கக் காலம்

முதியோருக்கான நெடுங்காலப் பராமரிப்பு இந்தக் கல்வி வளர்ச்சியில் பின்தங்கியது. அதற்கான காரணம் வேறிடத்தில் இருக்கிறது. 1980களிலும், 1990ஆம் ஆண்டு சமுதாயப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பின்னரும், முதியோருக்கான நெடுங்காலப் படுக்கைகள் என்.எச்.எஸ். மருத்துவமனைகளிலிருந்து தனியார் இல்லங்களுக்குப் பெயர்ந்தன. கல்வி நிதியோ பெரும்பாலும் என்.எச்.எஸ். ஊழியரையே நோக்கியது. நோயாளி இடம்பெயர்ந்தார், அவரைப் பராமரிப்பவரின் படிப்புச் செலவு உடன்செல்லவில்லை.

2012இல் கல்விக்கட்டணம் உயர்ந்தது. 2010க்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் இங்கிலாந்தின் பகுதிநேர இளநிலை மாணவர் தொகை ஏறத்தாழப் பாதியானது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிய செவிலிய மாணவர் அனைவரும் பட்டப்படிப்பிலேயே சேரத் தொடங்கியதால், குறைந்த கிரெடிட்டை நிரப்பும் படிப்புக்கான தேவையும் சுருங்கிப் பகுதிநேரக் கல்வி முதுநிலையை நோக்கி நகர்ந்தது. பணிக்காலக் கல்விக்கான மைய நிதி, நாடாளுமன்ற நல்வாழ்வுக் குழுவின் 2018 அறிக்கைப்படி, 2015-16இல் 20.5 கோடி பவுண்டாக இருந்து 2017-18இல் சுமார் 8.3 கோடியாகச் சரிந்தது.

முடிவுரை

கற்பவரின் நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை 2017இல் வந்த தொழிற்பழகுநர் வரி நேராகத் தொட்டது. ஆண்டு ஊதியச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 விழுக்காடு செலுத்தின. பட்டநிலைத் தொழிற்பழகுநரின் பணிநேரத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு படிப்புக்கு என விதி சொன்னது. கற்பவரின் நேரம் விதியின் எழுத்திலேயே இடம்பெற்றது. ஆயினும் இவ்வரி நிதி கட்டணத்துக்கே உதவும். படிக்கப் போனவரின் ஷிப்ட்டைப் பார்க்கும் மாற்றுச் செவிலியரின் சம்பளத்துக்குப் பயன்படாது. பெரிய மருத்துவமனை சமாளிக்கும். இரவில் ஒரே செவிலியரை வைத்து நடத்தும் முதியோர் இல்லத்தால் அவரை வகுப்புக்கு அனுப்ப இயலாது. பிரிட்டனில் பகுதிநேரப் பட்டத்தின் பாடத்திட்டமும் கிரெடிட் முறையும் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டன. மாற்று ஆளுக்கான ஊதியமே ஐம்பது ஆண்டுகளாகத் தீராத பாக்கி. நெடுங்காலப் பராமரிப்பில் யார் படிக்க முடியும் என்பதை இனியும் அதுவே முடிவு செய்யும்.