நிணநீர் கண்ட கதை

திருவில்லிபுத்தூரை அடுத்த மலையடிவாரத்தில் கான்சாபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. மதுரையை ஆண்டு 1764-இல் தூக்கிலிடப்பட்ட கான் சாகிபின் பெயரே அவ்வூர்ப் பெயராயிற்று என்பர். அதை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அவ்வூர் வயல் வரப்புகளில் சிறுவனாகத் திரிந்த காலத்தில் என் தொடையிடுக்கில் ஒரு நாள் நெல்லிக்காய் அளவு கட்டி ஒன்று தோன்றியது. நாணத்தால் ஒருவரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் நொண்டி நொண்டி நடந்தேன். மூன்றாம் நாள் பாட்டியின் கண்ணுக்குத் தப்ப முடியவில்லை. அவர் கட்டியைப் பார்க்கவே இல்லை. "நெறி கட்டியிருக்கு, எந்தக் காலிலேடா புண்ணு?" என்று கேட்டார். கால்விரல் இடுக்கில் முள் தைத்துச் சீழ் கொண்டிருந்தது. முள்ளை எடுத்துப் புண்ணைக் கழுவிக் கட்டினார். சில நாட்களில் தொடையிடுக்குக் கட்டியும் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது.

காலில் தைத்த முள்ளுக்குத் தொடையிடுக்கு வீங்குவானேன்? இரண்டுக்கும் இடையே ஒரு வழி இருத்தல் வேண்டுமன்றோ? வழி உண்டு என்பதைப் பாட்டி அனுபவத்தால் அறிந்திருந்தார். அந்த வழியைக் கண்ணால் கண்டு சொல்ல மேனாட்டு மருத்துவ உலகிற்குப் பதினேழாம் நூற்றாண்டு வரை ஆயிற்று.

மாணவ நண்பர்களே! எங்கள் பக்கத்துப் பாசன முறையை நினைத்துப் பாருங்கள். கண்மாயிலிருந்து மடை வழியாக வாய்க்காலில் நீர் வருகிறது, வயலில் பரவுகிறது, மண்ணில் கசிகிறது. எஞ்சிய நீர் தாழ்ந்த பக்கத்து வடிகாலில் சேர்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. உடலிலும் இவ்வாறே இரத்தத்தின் நீர்ப்பகுதி மயிரிழை போன்ற நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களை நனைக்கிறது. அதிற் பெரும் பகுதி இரத்தத்திற்கே திரும்பி விடுகிறது. திரும்பாது எஞ்சுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர். அதுவே நிணநீர். அதனை வாங்கிச் செல்லும் வடிகால்களே நிணநீர்க் குழாய்கள். வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற முடிச்சுகள் உள்ளன. நாம் நெறி என்று சொல்வது இவை வீங்கிய நிலையைத்தான். உடலில் இவை 500-க்கும் மேல் உண்டு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாய் அமைந்துள்ளன. கால்களிலும் வயிற்றிலும் சேரும் நிணநீர் மார்பின் உள்ளே ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு குழாய் வழியே மேலேறி, இடப்புறக் கழுத்தடியில் பெருஞ்சிரையில் கலக்கிறது. இதனை உந்துதற்கு இதயம் போன்ற தனி உறுப்பு ஏதுமில்லை. குழாய்ச் சுவரின் சுருக்கமும், தசைகளின் அசைவும், நாம் விடும் மூச்சும் உந்துகின்றன. நீர் பின்வாங்காதபடி குழாயினுள் தடுக்கிதழ்கள் காக்கின்றன.

இதனைக் கண்ட வரலாறு சுவையானது. 1622-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள், இத்தாலி நாட்டு மிலான் நகரில் காசுபரோ அசெல்லி என்னும் மருத்துவர், நண்பர்களின் வேண்டுகோளுக்கிணங்க உயிருள்ள ஒரு நாயை அறுத்து நரம்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார். (அக்கொடுமையை இன்று நம்மால் ஏற்க இயலாது, அக்காலத்தில் அதுவே வழக்கம்.) குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிறக் கயிறுகள் பல ஓடக் கண்டார். நரம்புகள் என்றே முதலில் எண்ணினார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற நீர் பீறிட்டது! மறுநாள் வேறொரு நாயை அறுத்துப் பார்த்தார். ஒரு கயிற்றையும் காணோம். வேறொருவராயின் முன்னாள் கண்டது மயக்கமே என்று விட்டிருப்பார். அசெல்லியோ சிந்தித்தார். முதல் நாய் வயிறார உண்டிருந்தது. இரண்டாம் நாய் உண்ணவில்லை. உணவளித்தபின் அறுத்த நாயில் வெண்குழாய்கள் மீண்டும் தோன்றின. உணவின் கொழுப்பை ஏந்திச் செல்வதாலேயே அவை வெளுத்திருந்தன. நிணம் என்ற சொல் பழந்தமிழில் கொழுப்பைக் குறிப்பது. அவ்வகையில் நிணநீர் என்ற நம் பெயர் இங்கே மிகப் பொருந்துகிறது.

ஆயினும் அக்குழாய்கள் கல்லீரலுக்குச் செல்கின்றன என்றே அசெல்லி எழுதி வைத்தார். உணவு கல்லீரலில் இரத்தமாகிறது என்ற பழங்கொள்கை அவர் கண்ணையும் மறைத்தது. 1625-இல் அவர் மறைந்தார். வண்ணப் படங்களுடன் கூடிய அவரது நூல் 1627-இல் வெளிவந்தது. குழாய்கள் கல்லீரலை நாடவில்லை, மார்புக் குழாய் வழியே சிரையை நாடுகின்றன என்று 1651-இல் காட்டியவர் பிரான்சு நாட்டுப் பெக்கே. அடுத்த ஆண்டே, இருபத்திரண்டு வயது கூட நிரம்பாத உலோஃப் ருட்பெக் என்ற சுவீடிய மாணவர், உடல் முழுதும் இக்குழாய்கள் உண்டென்று அரசி கிறித்தினாவின் முன்னிலையில் காட்டினார். டென்மார்க்கின் பார்த்தோலினும் அதையே கண்டு 1653-இல் முந்தி அச்சிட்டார்; யார் முதல்வர் என்று பெரும் பூசல் மூண்டது. பதவியிழந்த கல்லீரலுக்கு இரங்கற்பா எழுதிய குறும்பும் பார்த்தோலினுடையதே.

இவ்வறிவு தமிழில் வந்ததும் நினைவுகூரத் தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி செய்த அமெரிக்கர் சாமுவேல் பிஷ் கிறீன், தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, கிரேயின் உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 1872-இல் வெளியிட்டார்.

அதே 1872-இல் கல்கத்தாவில் மற்றொன்று நிகழ்ந்தது. திமோதி லூயிசு என்ற மருத்துவர், நோயாளியின் இரத்தத்துளியில் நுண்புழுக்கள் நெளியக் கண்டார். அவற்றின் தாய்ப்புழு நிணநீர்க் குழாயினுள் குடியிருந்து, ஆண்டுக்கணக்கில் அதனைச் சிதைப்பது பின்னர்த் தெளிவாயிற்று. வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவது போல் காலில் நீர் தேங்குகிறது. தோல் தடித்து யானையின் தோலாகிறது. முன்வினைப் பயன் என்றும், குடும்பத்து இழுக்கு என்றும் கருதி மணம் பேசவும் அஞ்சிய யானைக்கால் நோயின் காரணம் இதுவே.

புழு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது எவ்வாறு? சீன நாட்டு அமோயில் இருந்த பாட்ரிக் மான்சன், கொசுவின் வயிற்றில் இப்புழு வளர்வதை 1877-இல் கண்டார். கொசு நீரில் விழுந்து சாக, அந்நீரைக் குடிப்போரை நோய் பற்றும் என்று அவர் நினைத்தது பிழை. 1900-இல்தான் இலண்டனில் லோவும், மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் பணியாற்றிய ஜேம்சும், புழு கொசுவின் வாயுறுப்பிலேயே காத்திருப்பதைக் காட்டினர். அதே திருவிதாங்கூரின் சேர்த்தலைப் பகுதியில், ஆகாயத்தாமரைச் செடியின் வேரைப் பற்றி வளரும் கொசுவே அங்குள்ள யானைக்காலைப் பரப்புவதை 1930-களில் எம். ஓ. டி. ஐயங்கார் ஆராய்ந்து, செடியை அகற்றச் செய்தார். அறுவைக் கத்தியை எடுக்காமல் குளத்துச் செடியை எடுத்த அவ்வைத்தியத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் நாட்டில் 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கி, இரவிலேயே மேல் இரத்தத்தில் உலவுவதால், ஊழியர்கள் இரவில் வீடு தேடி வந்து விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தனர். உறங்கும் பிள்ளையை எழுப்புகிறார்களே என்று சினந்தவர்கள் பலர். இலங்கை இந்நோயை ஒழித்ததாக 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கால் வீங்கி முற்றியவர்க்குப் பழைய கால் திரும்புவதில்லை. மருந்து புழுவைக் கொல்லும், சிதைந்த குழாயைச் சீராக்காது. ஆயினும் அவர்களைப் படுக்கையில் தள்ளும் குளிர்க்காய்ச்சலைப் பெரிதும் குறைக்க வழி உண்டு. அக்காய்ச்சல் விரலிடுக்கின் வெடிப்பில் நுழையும் கிருமிகளால் வருவது. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, இடுக்குகளில் ஈரம் போகத் துடைத்து, புண்ணிருந்தால் மருந்திட வேண்டும். மருத்துவமனைகளில் செவிலியர் இதனைச் செய்து காட்டக் கண்டிருக்கிறேன். காலைத் தூக்கியதும் அவர்கள் முதலில் விரித்துப் பார்ப்பது விரல் இடுக்கைத்தான்.